ஹன்னலோரே

மாமா வந்தது எண்பத்தேழு மே மாதம்.
தண்ணீர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள்.
கல்மண்டபத்தில் ரிக்‌ஷாவை விட்டு இறங்கியவர்
முதலில் பார்த்தது எங்கள் வீட்டை அல்ல,
தெருமுனை வரை நின்ற குடங்களை.

ஒவ்வொன்றின் கழுத்திலும் பெயின்ட்டில் ஓர் எண்.
வீட்டு எண், போர்ஷன் எண், சிலதில் வெறும் கோடுகள்.
எங்கள் பச்சைக் குடத்தில் 31.
முழுக்கைச் சட்டையின் பொத்தானை
அந்தப் புழுக்கத்திலும் அவர் கழற்றவில்லை.

அம்மாவுக்கு முப்பத்தொன்பதில் கப்பல் கிடைத்தது.
அவருக்குக் கிடைக்கவில்லை. அவ்வளவுதான்
அப்பா எனக்குச் சொல்லியிருந்தது.
இரவெல்லாம் இருவரும் தங்கள் மொழியில் பேசினார்கள்.
பெயர்கள் மட்டும் எனக்குப் பிடிபட்டன.
ஒவ்வொரு பெயருக்குப் பின்னும்
மின்விசிறிச் சத்தம் கொஞ்ச நேரம்.

மூன்றாம் நாள் காலை
மண்ணெண்ணெய்த் துணியால் 31-ஐத் தேய்த்துக்கொண்டிருந்தார்.
பக்கத்துப் போர்ஷன் துரைக்கண்ணு
காசிமேட்டில் படகுகளுக்குப் பெயர் எழுதுகிறவர்.
“இன்னா எழுதணும்?” என்றார்.
அம்மா சொன்னாள்.
“இன்னொருதபா சொல்லு.”
சொன்னாள்.

மஞ்சளில் எழுத்து, சிவப்பில் நிழல்,
படகுக்குப் போடுவதுபோல் இருபுறமும் ஒரு மீன்.
ஹன்னலோரே.
கடைக்குட்டி. ஒன்பது வயது.
எந்தத் தேதி என்று தெரியாது,
எந்த ஊரிலும் அவளுக்குக் கல் கிடையாது.
பிரார்த்தனை சொல்லப் பத்து ஆண்கள் வேண்டுமாம்.
மெட்ராஸ் முழுக்கத் தேடினாலும் தேறாது என்று
அம்மா சிரித்தது ஞாபகம்.

தெருவுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை.
மறுநாளே அது ‘அன்னலாரி’ ஆகிவிட்டது.
பையன்கள் கூவினார்கள்: அன்னலாரி வந்துச்சு, அன்னலாரி!
என்ன சொல்கிறார்கள் என்று மாமா கேட்டார்.
அன்னம் என்றால் சோறு, ஒரு வெள்ளைப் பறவையும் கூட
என்றாள் அம்மா.
மறுபாதியைச் சொல்லவில்லை.
லாரியில்தான் ஏற்றிப் போனார்கள் என்று
அவர் போன பிறகு எனக்குச் சொன்னாள்,
அரிசி களைந்துகொண்டே.

அதற்கப்புறமும் ஐந்தாறு கோடை அந்தக் குடம் ஓடியது.
எனக்கு ஆபீஸ் விட நேரமானால்
யாராவது காலால் தள்ளி
முன்னே நகர்த்தி வைத்திருப்பார்கள்.
திட்டிக்கொண்டேதான். ஆனாலும்
அவள் இடம் போனதில்லை.

ஒருநாள் லாரி வந்துவிட்டது, நான் வரவில்லை.
கீழே யாரோ கத்தினார்கள்:
“அன்னலாரி யாருதுபா? யாருதுன்னு கேக்குறன்ல?”
நாற்பத்தைந்து வருடம்
சத்தமாக அந்தப் பெயரைச் சொல்லாத என் அம்மா
ஈரக்கையோடு மாடிச் சுவரைப் பிடித்துக் குனிந்து
தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினாளாம்:

எங்களுது.