முந்நூறு கிராம்

எல்லோரும் ஒரு பொய்யோடுதான் உள்ளே வருகிறார்கள்.
மணமாகிப் பத்துக் கிலோ ஏறியவர்
"நன்றாக ஓடுவேன்" என்பார்.
இரண்டாவது சர்வீஸைக் கண்ணை மூடிக்கொண்டு போடும் பெண்
"எனக்கு நிதானம்தான் பலம்" என்பாள்.
"நான் அடித்து ஆடுபவன்" என்றார் எவாரிஸ்தோ சாந்தோவால்,
பத்திர அலுவலகத்தில் முத்திரை வைப்பவர், ஐம்பத்தொரு வயது.
கொரியென்தெஸ் நகரத்து ஜனவரி வெயில்
அவர் சட்டைக் காலரில் உப்பாய்க் காய்ந்திருந்தது.
"சர்வீஸ் போட்டதும் வலைக்குப் பாய்ந்துவிடுவேன்.
அதற்குத் தோதாக ஒரு மட்டை கொடு, சுனில்டா."

குளிர்ந்த தெரெரேயை ஒரு மிடறு உறிஞ்சிவிட்டு
அவருடைய பழைய மட்டையை உறையிலிருந்து உருவினேன்.

விளிம்பின் உச்சியில் வண்ணம் போய் எலும்பு தெரிந்தது.
செங்கல் தூள் அரைத்த தழும்பு.
தரையோடு போகும் பந்தைத் தோண்டி எடுப்பவர்களுக்கு
அங்கேதான் தேயும்.
அறுந்திருந்தது மேலிருந்து நான்காவது நரம்பு:
தாமதமாய் வந்தாலும்
வந்துவிடுகிறவரின் அறுப்பு.

ஆடத் தெரியாதவளுக்குத்தான் கூடம் கோணல்.
எவாரிஸ்தோவுக்கு ஆடத் தெரியும்.
எந்த ஆட்டம் என்பதுதான் தெரியாது.

மூன்று மட்டைகளை இரவல் கொடுத்தேன்.

முதலாவது கறுப்பு, சின்னத் தலை, முந்நூற்றிருபது கிராம்.
"இதுதான்!" காற்றை இரண்டு முறை வெட்டினார்.
மின்விசிறி மயிரிழையில் தப்பியது.
ஞாயிற்றுக்கிழமை பல் மருத்துவர் க்ளோதொமிரோவிடம்
ஆறு ஒன்று, ஆறு ஒன்று.
புதன்கிழமை வரை முத்திரை குத்தக் கை எழவில்லையாம்.

இரண்டாவது பெரிய தலை, இறகுக் கனம்.
பந்து அவர் கேட்காமலே பறந்தது,
ஒரு முறை வேலி தாண்டி
ஆற்றங்கரைச் சாலையில் போன சைக்கிளின் கூடைக்குள்.
"மட்டையா இது, வாணலி."

மூன்றாவதை எடுக்கவே அவருக்கு மனமில்லை.
நூறு சதுர அங்குலம். முந்நூறு கிராம்.
நெடுக்கே பதினாறு நரம்பு, குறுக்கே பத்தொன்பது.
கனம் கைப்பக்கம் சாய்ந்திருக்கும், கொஞ்சம்தான்.
சாம்பல் நிறம். பெயர்கூட மனதில் நிற்காது.
"எல்லாவற்றுக்கும் ஆகும் என்றால்
எதற்கும் ஆகாது என்றுதானே அர்த்தம்?"

அந்த ஞாயிறு நானே போய் வேலியோரம் நின்றேன்.

க்ளோதொமிரோ அடித்தார். எவாரிஸ்தோ திருப்பினார்.
அடித்தார். திருப்பினார்.
மூலை பார்த்து அடித்தார். இவர் சறுக்கிக்கொண்டே போய்
வானத்துக்கு ஒரு பந்தைத் தூக்கிவிட்டுத்
தன் இடத்துக்குச் சாவகாசமாய் நடந்தார்,
முத்திரை வைக்குமுன் மூன்று தாளையும்
முழுசாய்ப் படிப்பவர் நடை அது.
சாம்பல் மட்டை தன் இருப்பையே காட்டிக்கொள்ளவில்லை.
இரண்டே முக்கால் மணி நேரம்.
கடைசியில் தரையில் மோதி உடைந்தது
பல் மருத்துவரின் மட்டை.

செவ்வாய்க்கிழமை வந்தார். ஆறு தவணை பேசினோம்.
"பிடி இரண்டாம் அளவு. நரம்பை இருபத்திரண்டு கிலோவுக்கு இழு."
பிறகு, கடையில் வேறு யாரும் இல்லாதபோதும், குரலைத் தாழ்த்தி:
"நான் அடித்து ஆடுபவன்தான். அது வேறு விஷயம்."
"ஆமாம்" என்றேன்,
சட்டகத்தை இயந்திரத்தில் பூட்டியபடி.

அவர் கண் மேலே போனது.
என் தலைக்கு நேர் மேலே ஆணியில் தொங்குவது
முந்நூற்று நாற்பது கிராம். நரம்பில் தூசி.
பதினேழு வயதில்
நான் ஆகவிருந்த ஒருத்திக்காக வாங்கியது.
"அது யாருடையது?"
"தெரியாது."
முள் இருபத்திரண்டில் வந்து நின்றது.

அவர் போன பிறகு பேரேட்டில் எழுதினேன்:
சாந்தோவால், எவாரிஸ்தோ. பின்கோட்டில் ஆடுபவர்.
வலைக்கு வருவது ஆட்டத்துக்கு ஒரு முறை,
கை குலுக்க.