எலிக்கு அப்புறம்

காசிமேட்டில் ஏலம் முடிந்த ஈரத்தரையில்
எல்லோரும் மீன் கேட்பார்கள், நான் செதில் கேட்டேன்.
கொடுவா தனியாக, சங்கரா தனியாக,
கொஞ்சம் ஐஸ் போட்டு.
'மீன வுட்டுட்டு செதிலத் துன்னப் போறியா?'
முதல் மாதம் கஸ்தூரி சிரித்தாள்.
அடுத்த மாதம் சாக்குக்கு இருபது ரூபாய் என்றாள்.
அதற்கடுத்த மாதம் காசு வேண்டாம்,
எதுக்குன்னு மட்டும் சொல்லு என்றாள்.

சொன்னேன்.
அமிலத்தில் ஊறவைத்தால் சுண்ணாம்பு போகும்,
மெத்தென்று ஒரு நார் மிஞ்சும்.
நண்டு ஓட்டுக் கூழோடு கலந்து உறையவைத்து
பனியை மட்டும் ஆவியாக்கினால்
அப்பளம் மாதிரி ஒரு தாள், முழுக்கத் துளை.
பெரிய புண்ணில் தோலுக்கு வழி தெரியாது,
ஓரத்திலேயே நின்றுவிடும்.
இந்தத் தாள் அதற்குக் கட்டுகிற சாரம்.
ஏறி வந்து குடியேறியதும்
சாரம் தானாகக் கரைந்துவிடும்.
'பிரிக்க ஆள் வாணாமா!'
கத்தியை நிறுத்தி ஒரு நிமிடம் யோசித்தாள்.

தடைக்காலம் வந்தது. செதில் இல்லை.
கரையேற்றிய விசைப்படகில்
வெல்டிங் பொறி டீசலில் விழுந்து
அவள் தம்பி மேகநாதனுக்கு முதுகு, இரண்டு கை.
ராத்திரி பதினொன்றுக்கு ஸ்டான்லியிலிருந்து போன்:
'அந்த அப்பளம் ஒரு எட்டு எடுத்தாயேன்.'

பிரிட்ஜில் பதினொன்று இருந்தது.
ஒவ்வொன்றிலும் தேதி, என் கையெழுத்து.
எலிகள் இருபத்து நான்கு,
காதில் துளையிட்டு எண் போட்டவை.
எலிக்கு அப்புறம் முயல், முயலுக்கு அப்புறம் பன்றி,
அப்புறம் கமிட்டி, அப்புறம் கையெழுத்துகள்,
அப்புறம்தான் மனுஷன் என்பதை
போனில் எப்படிச் சொல்வது?
சொன்னேன்.
'அப்போ அவன் எலியாப் பொறந்திருக்கணும்.'
அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இளநீரோடு போனேன், வார்டுக்கு வெளியிலேயே நின்றேன்.
அவன் தொடையிலிருந்து தோலைச் சீவி
மெஷினில் விட்டு வலையாக்கி
முதுகில் விரித்திருந்தார்கள்.
கட்டு மாற்றும்போது கஸ்தூரி பார்த்திருக்கிறாள்.
'கண்ணு ரொம்பச் சின்னது, நெத்திலி வலை.
நல்லாத்தான் பின்னிக்கிறானுங்க' என்றாள்,
வலை தெரிந்தவள்.
ஓரிடத்தில் பிடிக்கவில்லையாம், இடது தோளில்.
அங்கே மறுபடி சீவணும்,
இந்த முறை எந்தக் கால் என்று தெரியவில்லை.

ஜூன் பதினைந்துக்கு மறுநாள்
முதல் படகுகள் திரும்பிய காலையில்
எனக்காக ஒரு சாக்கு இருந்தது,
அலசி, ஐஸ் போட்டு.
நண்டு ஓட்டை நான் கேட்கவேயில்லை,
தனிக் கவரில் கட்டி வைத்திருந்தாள்.
இருபது ரூபாய் நீட்டினேன்.
வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

'உன் எலிக்கு எத்தினி நாளாச்சு?'
'ஒன்பது.'
'மூடிக்கிச்சா?'
'பாதி.'
'இவனுக்கு முப்பத்தொண்ணு' என்றாள்.
அடுத்த கொடுவாவை எடுத்து
வாலிலிருந்து தலைப்பக்கமாகச் சுரண்டத் தொடங்கினாள்.
ஒரு செதில் பறந்து என் மணிக்கட்டில் ஒட்டியது.
லேபில் கையுறை மாட்டும்போதுதான் பார்த்தேன்.
காய்ந்து, விடாமல் பிடித்திருந்தது.