கீரிப்பாறை, காலை ஆறரை

ஒன்பது பேர், பதினேழு முழங்கால்.
ஹெலன் பாயுடையதில் ஒன்று எஃகு,
அது கணக்கில் சேராது.

ரப்பர் முடிந்து காடு தொடங்குமிடத்தில்
அட்டைக்குப் புகையிலைத் தண்ணீர் பூசிக்கொண்டோம்.
மூச்சு வாங்குவதை மறைக்க
ஆளாளுக்கு ஒரு பறவையைக் காட்டினோம்.

கோலார் சுரங்கத்தில் முப்பது வருஷம்
இறங்கி ஏறிய ஏசுவடியான்
ஏற்றத்தில் எல்லாரையும் முந்திவிடுவார்.
"இறங்கத்தான் மக்கா பயம்."

எப்போதோ யாரோ எதற்கோ தோண்டி
விட்டுப்போன குழி.
சுற்றிலும் ஈச்சம்புதர், உள்ளே இருட்டு.
நாங்கள் எட்டிப் பார்த்தோம்.
அவர் பார்க்கவில்லை.
ஒரு கல்லைப் போட்டுவிட்டு
வாய்க்குள் எண்ணினார்.
இரண்டில் தண்ணீர்ச் சத்தம்.

"இவ்வளவுதானா" என்று
பையிலிருந்து அவித்த மரச்சீனியை எடுத்தார்.
காந்தாரிமிளகு கொஞ்சம் கூடுதல்.

இறக்கத்தில்
எஃகு முழங்காலுக்குப் பின்னாலேயே
ஒட்டி வந்தார்.