2-மீத்தைல்ஹெக்சேன்

யெத்தர் என்றால் அவர்கள் மொழியில் போதும்.
நான்கு பெண்களுக்குப் பின் ஐந்தாவதும் பெண் என்றதும்
பாக்கூ நகரப் பதிவேட்டில் அப்பா நிதானமாக எழுத வைத்த பெயர்.

காஸ்பியன் கடலுக்குள் இரும்புக் கால்களில் நிற்கிறது ஓர் ஊர்.
தெருவெல்லாம் பாலம். கீழே எண்ணெய் மினுக்கும் அலை.
அங்கே ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு இரவுப் பணி:
கிணற்றிலிருந்து வரும் குப்பிகளைப் பிரித்து
உள்ளே யார் யார் என்று சொல்ல வேண்டும்.

கார்பனும் ஹைட்ரஜனும் தவிர வேறு ஆளில்லாத வீடு.
கார்பனுக்கு நான்கு கை, ஹைட்ரஜனுக்கு ஒன்று.
அவ்வளவுதான் குடும்பம்.
அதற்குள் இத்தனை முகம்.

முதல் நால்வருக்கு ஆசையாய்த்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.
மரச்சாராயத்திலிருந்து மீத்தேன்,
மேல்வானத்து ஒளியிலிருந்து ஈத்தேன்,
முதற்கொழுப்பிலிருந்து புரொப்பேன்,
வெண்ணெயிலிருந்து பியூட்டேன்.
ஐந்தில் அலுத்துவிட்டது.
பென்டேன், ஹெக்சேன், ஹெப்டேன்:
கிரேக்கத்தில் ஐந்து, ஆறு, ஏழு.
பள்ளியில் இதைக் கேட்ட அன்று
அடக்க முடியாமல் சிரித்தாளாம்.
வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்களாம்.

கௌஹர், மணி.
ரெய்ஹான், துளசிக்கு உறவான பச்சிலை.
மரால், மான்.
சோனா, ஏரியில் நீந்தும் பறவை.
அப்புறம், போதும்.
அதற்கப்புறமும் ஒருவன் வந்தான்;
அவன் அர்ஸுமான், ஏக்கம்.

பிணைப்பெல்லாம் ஒற்றையாய் இருந்தால்
பெயர் 'ஏன்' என்று முடியும்.
தமிழில் அது கேள்வி; அவளுக்கு வெறும் விகுதி.
எங்காவது இரட்டைப் பிணைப்பு இருந்தால் 'ஈன்',
மூன்றாய் இறுகினால் 'ஐன்'.
இந்தப் பின்னவர்கள் நிறைவுறாதவர்கள்,
வழியில் யாரைக் கண்டாலும் கை நீட்டுவார்கள்.
அர்ஸுமான் அந்த வகை.
தியூமென், பிறகு இஸ்தான்புல், இப்போது எங்கேயோ.

'ஏன்' வகையில் ஒரு கையும் காலியில்லை.
நிறைவுற்றவை என்கிறது பாடநூல்.
தன் பெயரின் மொழிபெயர்ப்பை அவள் முதலில் பார்த்தது அந்தப் பக்கத்தில்.
எளிதில் எதோடும் சேராது.
தீ வைத்தால் எரியும்,
நன்றாகவே எரியும்.

மேசையின் இழுப்பறையில் ஒரு படிவம்,
பெயர் மாற்றக் கோரி. பன்னிரண்டு ஆண்டாய் அங்கேயே.
புதிய பெயருக்கான கட்டத்தில்
தேநீர்க் கோப்பையின் அடி வட்டம்.

மூன்றேகால் மணி. கருவி வரைந்த காகிதத்தில் மலைமலையாய் முகடுகள்.
ஒரு சின்ன முகட்டின் தலையில்
பகல் பணிக்காரன் ஜெய்ஹூன் அவசரமாய்க் கிறுக்கியிருக்கிறான்:
5-மீத்தைல்ஹெக்சேன்.
பக்கத்தில் படம். வரிசையாய் ஆறு புள்ளி,
ஐந்தாவதன் கீழே தொங்கும் ஒன்று.

தப்பு.
மிக நீண்ட சங்கிலியைத் தேடு; வளைந்து கிடந்தாலும் அது சங்கிலிதான்.
பிறகு, கிளை எந்த முனைக்குப் பக்கமோ
அங்கிருந்து எண்ணு.
சிவப்புப் பேனாவை எடுத்தவள்
அடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கௌஹர் ரெய்ஹான் மரால் சோனா யெத்தர் அர்ஸுமான்.
ஆறு.
ஐந்தாவதில் தொங்குவது அம்மா.
நான்கு குளிர்காலமாய், சும்காயித்தில், யெத்தரின் வீட்டில்,
யெத்தரின் சம்பளத்தில், யெத்தர் வாங்கிய மாத்திரைகளில்.
மற்றவர்கள் பண்டிகைக்குத் தொலைபேசுவார்கள்.

மறுமுனையிலிருந்து எண்ணினாள்.
அர்ஸுமான், ஒன்று.

ஐந்தை அடித்து இரண்டு என்று எழுதினாள்.
அடித்தது அழுத்தமாய் விழுந்து
அடுத்த தாளிலும் தடம்.

விடியுமுன் வடகாற்று ஜன்னலை உலுக்கியது.
கைபேசி ஒளிர்ந்தது. அம்மாவுக்குத் தூக்கம் வராத நேரம்.
"யெத்தர்?"
அவர்கள் மொழியில் அதைச் சற்று இழுத்துக் கேட்டால்
போதுமா என்றும் பொருள்.

அவள் அதற்குப் பதில் சொல்லவில்லை.
"அடுப்பை மூடினாயா?
குமிழைக் கடைசிவரை திருகு.
இன்னும் ஒரு தடவை போய்ப் பார்.
நான் வைக்காமல் இருக்கிறேன்."