ஏழாவது திருகாணி

திபிலிசியின் எலியாவா சந்தையில்
பழைய கார்க் கதவுகளுக்கும் தண்ணீர்க் குழாய்களுக்கும் நடுவே
ஆறடி அகலம் என் கடை.
மின்விசிறி நின்றுபோனது, தேநீர் குடித்த விசைப்பலகை,
எதைக் கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்வேன்.
மூடியைக் கழற்றிக்கொண்டே கேட்பேன்:
இதுகிட்ட எப்படி வந்து சேர்ந்தீங்க?

முதலில் எல்லோரும் நல்ல காரணமே சொல்வார்கள்.
பாதுகாப்பு என்பார்கள். வேகம் என்பார்கள்.
தாடி வைத்தவர்கள் சுதந்திரம் என்பார்கள்.
ஏழாவது திருகாணிக்குள்
உண்மை கழன்று கிண்ணத்தில் விழும்.

பத்ரி டாக்ஸி ஓட்டுகிறார்.
விண்டோஸைக் குறை சொன்னால் சண்டைக்கு வருவார்.
மைத்துனன் கல்யாணத்துக்குக் கைமாற்று வாங்கினவன்
பணத்துக்குப் பதிலாக ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான்;
உள்ளே அதுதான் இருந்தது.
அவன் மட்டும் ஒழுங்காகக் கடனை அடைத்திருந்தால்
நான் வேற ஆள் என்றார், மிகவும் யோசித்து.

சியூரி, பல் மருத்துவர், மேக்.
கணவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு போன மறுநாள்
அவர் மேசையில் இருந்ததற்கு நேர் எதிரானது எது என்று
கடைக்காரனைக் கேட்டாராம்.
அவன் விலை அதிகமானதைக் காட்டினானாம்.

என்னுடையது லினக்ஸ்.
கொள்கை என்றுதான் பல வருஷம் சொல்லித் திரிந்தேன்.
விஷயம் இவ்வளவுதான்:
விண்டோஸ் குறுந்தகட்டின்மேல்
என் அறைத்தோழி சூடான வாணலியை இறக்கிவைத்தாள்.
மிச்சமிருந்த தகடு யாரோ சும்மா கொடுத்தது.
அன்று வெள்ளிக்கிழமை. திங்களன்று கட்டுரை கொடுக்க வேண்டும்.
ஞாயிறு நள்ளிரவில் அச்சுப்பொறி ஒருமுறை கனைத்தது.
தரையில் உட்கார்ந்து அழுதேன்.
அவ்வளவு திட்டித் தீர்த்த ஒன்றை
அப்புறம் எப்படி விடுவது?

போன மாதம் லமாரா வந்தார்.
கம்பளிச் சால்வைக்குள் சாம்பல் நிற மடிக்கணினி,
கீல் ஒன்று இல்லை, இடத்தில் பேண்டேஜ்.
புதுசு வாங்கிடலாமே என்றேன்.
பார்த்த பார்வையில் திருப்புளியைக் கீழே வைத்தேன்.

நில அதிர்வு ஆய்வகத்தில் கணக்கு எழுதியவர்.
மின்சாரம் இரவில் இரண்டு மணி நேரம் வந்துபோன குளிர்காலம்.
ஊர் திரும்பிய நார்வேக்காரர் விட்டுப்போன இயந்திரத்தில்
மின்கலம் இருந்தது; எங்கள் எழுத்து இல்லை.
முப்பத்து மூன்றையும் இவரே வரைந்தார்,
கையுறையின் விரல்நுனிகளை வெட்டிவிட்டு,
மின்கலம் சாகும்வரை ஓர் எழுத்து,
மின்சாரம் வந்ததும் ஊட்டி, இன்னொன்று.
மார்ச்சில் நெடுங்கணக்கு முடிந்தது.
முதலில் தட்டச்சு செய்தது
சம்பளம் வராத பதினோரு பேரின் பட்டியல்.

"எது பிடிக்கும்னு யார் என்னைக் கேட்டாங்க?
இருட்டில் எது எரிஞ்சதோ, அது."

தாய்ப்பலகை போயிருந்தது.
வன்தட்டில் மட்டும் கொஞ்சம் மூச்சு.
நான்கு இரவுகள். எழுத்துகளைப் பிரித்தெடுத்து
என் கணினிக்குக் குடியேற்றினேன்.
ஓர் எழுத்தின் வால் கோணி நின்றது.
நேராக்கட்டுமா?
வேண்டாம் என்றார்.
"அப்போ பூமி ஆடிச்சு. மூணு புள்ளி ரெண்டு.
அதுவும் பதிவுதானே."

இப்போது என் ரசீதுகளெல்லாம் லமாராவின் கையில்.
மூன்று டெலிவரிக்காரர்களும் ஒரு பாதிரியாரும்
அழகாயிருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள்.
நேற்று பத்ரி ரசீதை வெளிச்சத்தில் பிடித்து
நெடுநேரம் பார்த்தார்.
இந்த எழுத்து நம்ம விண்டோஸில் வருமா?

வரும். மாற்ற ஐந்து நிமிஷம்.

வராது என்று சொல்லிவிட்டு
மேசைக்கடியில்
இல்லாத ஒரு திருகாணியைத் தேடினேன்.