மூன்றாம் கேள்வி

பத்து ஃபெரிங்கியில் கடல் பார்த்த ஓட்டல்.
ஆனால் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டார்கள்,
புரொஜெக்டருக்கு வெளிச்சம் ஆகாதாம்.
கோலாலம்பூரிலிருந்து வந்த பயிற்சியாளர்
ஆளுக்கொரு தாள் கொடுத்தார்.
மூன்றாம் கேள்வி:
நல்ல மேலாளரின் ஐந்து குணங்களை எழுதுக.
பக்கத்து நாற்காலிக்காரர் நாலை எழுதிவிட்டு
ஐந்தாவதுக்குக் கூரையைப் பார்க்கிறார்.

எனக்கு முதலில் வந்தது
மிஸ்டர் ஊய் ஏர்கோனை அணைக்கும் சத்தம்.
லெபோ பந்தாய், இரண்டாம் மாடி, சரியாக நாலரை மணி.
பேக்ஸ் தாளின் முதுகிலும் எழுதச் சொல்லும் கஞ்சர்.
மதி என்று கூப்பிட மாட்டார்,
மலாயில் அது சாவு.
ஞானமதியைப் பாதியாய் வெட்டி
"நானா" என்பார், ஹொக்கியன் மூக்கால்.

வேலைக்குச் சேர்ந்த நாலாம் மாதம்
சென்னைக்குப் போகவேண்டிய ரப்பர் கையுறைகளைச்
சிட்டகாங்குக்கு அனுப்பிவைத்தேன்.
நாற்பதடிக் கொள்கலன் முழுக்க.
கப்பல் நகர்ந்த பிறகுதான் தெரிந்தது.
கழிப்பறையில் போய் அழுது, முகம் கழுவி,
ராஜினாமாவை மலாயில் எழுதுவதா ஆங்கிலத்திலா
என்று யோசித்தபடி திரும்பினால்
அவர் போனில் இருந்தார்.
எதிர்முனை கத்துவது எனக்கே கேட்டது.
"நான்தான். பார்க்காமல் கையெழுத்துப் போட்டது நான்."
மூன்று தடவை சொன்னார்.
ரிசீவரை வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.
"சூடா மாக்கான்?"
சாப்பிடவில்லை என்றேன்.
"போய்ச் சாப்பிடு. வந்து திருத்தலாம்."
அவ்வளவுதான்.
அந்த வருஷம் எல்லாருக்கும் அரை மாத போனஸ்.
அவருக்கு மட்டும் ஒன்றுமில்லை என்று
கணக்குப்பிரிவு லேய் பெங்
வெகுநாள் கழித்து வாய்தவறிச் சொன்னாள்.

பிறகு பாயான் லெப்பாஸ். புவான் ஸலேஹா.
சின்னவளுக்கு மூன்று மாதம்,
மதியம் ஆனால் என் சட்டை நனையும்.
எதுவும் கேட்காமல்
கோப்பறைச் சாவியை உள்ளங்கையில் வைத்தார்.
கதவில் அவரே ஒட்டிய தாள்:
ஆடிட் நடக்கிறது. உள்ளே வராதீர்கள்.
எட்டு மாதம் நடந்தது அந்த ஆடிட்.
ஜெனரல் மேனேஜர்கூட
அந்தக் கதவைத் தாண்டும்போது
அடியை மெதுவாக வைப்பாராம்.

போன வருஷம் பூலாவ் தீக்குஸ் சந்தையில்
ஊய், கையில் மீன் பையோடு.
இருபத்து மூன்று வருஷமாய்ச் சுமந்ததை
ஈரத் தரையில் நிறுத்திவைத்துச் சொன்னேன்.
"சிட்டகாங்கா? அப்படியா?"
நிஜமாகவே ஞாபகமில்லை மனிதருக்கு.
"நீ குடையை மறந்துவிட்டுப் போவாய், நானா.
மூன்று கிடக்கிறது இன்னும் என் வீட்டில்."

இன்னும் ஐந்து நிமிடம், என்கிறார் பயிற்சியாளர்.
என் தாள் வெள்ளையாகவே இருக்கிறது.
ஸலேஹாவின் ஒட்டுநாடாவைக் குணம் என்று எழுதலாமா?

போன வியாழக்கிழமை
தர்வின் ஒரு பூஜ்ஜியத்தைக் கூடுதலாய்ப் போட்டுவிட்டான்.
பன்னிரண்டு பேருக்கு நகல் வைத்து
அவனுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்.
பூஜ்ஜியத்தை மஞ்சளில் வேறு குறித்திருந்தேன்,
யாரும் தேடிச் சிரமப்படக் கூடாதென்று.

தேநீர் இடைவேளை.
எல்லாரும் கறிபாப் தட்டைச் சூழ்ந்திருக்க
திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நழுவினேன்.
கடல் அங்கேதான் இருந்தது,
காலையிலிருந்து.
அவனைக் கூப்பிட்டேன்.
என்ன பேசுவதென்று தெரியாமல்
"சாப்பிட்டியா?" என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
யாரோ நாற்காலியை இழுக்கும் ஓசை.
பிறகு, மிக மெல்ல,
"மேடம்... இப்ப என்ன தப்பு பண்ணிட்டேன்?"