வழக்குச் சொத்து எண் 41

"பட்டாக்கத்தி ஒன்று. பழசு. துருப்பிடித்தது."
செக்கானூரணி ஏட்டு எழுதிய மகஜர் அவ்வளவுதான்.

கொலை முயற்சி வழக்கு.
அண்ணன் ஓங்கினான், தம்பி விழுந்தான்.
விழுந்தது வெட்டுப்பட்டா, கிணற்றுமேட்டு வழுக்கலிலா
என்று ஒன்பது வருஷம் விசாரித்து
வழுக்கல்தான் என்று தீர்ப்பாகிவிட்டது.
இனி பட்டியலோடு ஒத்துப் பார்த்துப்
பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.
அது என் வேலை.
மாவட்ட நீதிமன்றத்துச் சொத்தறை,
சணல் கட்டிய அட்டைகள், கறை காய்ந்த கைலிகள்,
நடுவில் என் ஸ்டூல்.

அருவாள் என்றால் எனக்குத் தெரியும்.
திருப்பாச்சேத்திச் சரக்கு மட்டும் நூற்றுப்பத்து கிடக்கிறது.
வளைந்த மூக்கு, கனத்த நெற்றி,
எதற்கு வந்தேன் என்பதை முகத்திலேயே எழுதிவைத்திருக்கும்.
இது ஒன்றும் சொல்லாமல் படுத்திருந்தது.

தடய அறிவியலில் இருந்து மெகர்நிசா வந்தாள்.
உருவியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்,
மூச்சின் ஈரம்கூடப் படக்கூடாதாம்.
ஜன்னல் பக்கம் சாய்த்துக் காட்டினாள்.

வாயோரம் நெடுக ஒரு வெண்புகை.
வைகையில் திறந்துவிட்ட தண்ணீர்
வடிந்த மறுநாள் மணலில் கிடக்குமே
நுரை விட்டுப்போன கோடு, அப்படி.

வரைந்ததில்லை என்றாள்.
முதுகுக்குத் தடியாக, வாய்க்கு மெலிசாகக்
களிமண் பூசிச் சிவக்கக் காய்ச்சித்
தண்ணீரில் முக்கியிருக்கிறார்கள்.
மெலிசு பூசிய பக்கம் சட்டென்று இறுகிவிட்டது.
தடித்த பக்கம் நிதானமாக ஆறியது.
ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் இழுத்துக்கொண்டதில்
வந்தது இந்த வளைவு.
சம்மட்டி வளைத்ததில்லை.

மடித்து அடித்து, மடித்து அடித்து,
பன்னிரண்டு மடிப்பு என்றால்
நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு அடுக்கு.
மகஜரின் பின்பக்கத்தில் பெருக்கிப் பார்த்தேன், சரி.
உற்றுப் பார்த்தால் தெரிகிறது,
இழைத்த தேக்கில் ஓடுகிற ரேகை.

படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.
நீளம். அகலம். கூர்மை: உண்டு, இல்லை.

கைப்பிடியில் திருக்கை மீனின் தோல்.
நெல்பேட்டைக் கடையில் தொட்ட அதே சொரசொரப்பு,
ஜவ்வரிசி ஒட்டியதுபோல.
அதன்மேல் குறுக்கும் மறுக்குமாகப் பட்டு நாடா.
இத்தனையையும் கழலாமல் பிடித்து வைத்திருப்பது
ஒரே ஒரு மூங்கில் ஆணி.
மெகர்நிசா தட்டி எடுத்தபோது
அது இரண்டாகப் போய்விட்டது.

உள்ளே மறைந்திருந்த வால் கன்னங்கரேல்.
"இந்தத் துருவைச் சுரண்டிடாதீங்க,
வயசு இதுலதான் இருக்கு."
ஆணித் துளை இரண்டு.
யாரோ குட்டையான ஒருத்தனுக்காக
அடியில் வெட்டிக் குறைத்து மறுபடி துளைத்திருக்கிறார்கள்.
கொல்லன் பொறித்த பெயரும் அதில் போய்விட்டது.
மிச்சம் ஒன்றரை எழுத்து.

மறுநாள் கருமாத்தூரில் இருந்து
ஒரே வண்டியில் வந்தார்கள்
சவரிராயனும் சந்தியாகுவும்.
பர்மா சண்டையில் தாத்தா கொண்டுவந்தது.
சரணடைந்தவன் கொடுத்தான் என்கிறான் மூத்தவன்.
செத்தவனிடம் எடுத்தது என்கிறான் இளையவன்.

சந்தியாகு கேட்டான், ஒருதரம் பாக்கலாமா.
ஜன்னல் பக்கம் சாய்த்தேன்.
கையைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தான்.
"அன்னைக்கு இருட்டு. எனக்கு நுனி மட்டுந்தான் தெரிஞ்சது."
சவரிராயன் சுவரில் இருந்த
போன வருஷத்துக் காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தான்.

மின்வெட்டு நேரத்துக்கென்று வைத்திருந்த
என் கைவிசிறியின் காம்பு மூங்கில்.
அதில் முக்கால் அங்குலம் அறுத்து, சீவி,
துளையில் செருகித் தட்டினேன்.
ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை.

கையெழுத்து யார் போடுவது என்று
வெளியே வேப்பமரத்தடியில் பேசப் போனார்கள்.

பட்டியலில் ஒரு வரி சேர்த்தேன்:
மூங்கில் ஆணி ஒன்று, புதிது.
யாரிடமிருந்து கைப்பற்றப்பட்டது
என்று கேட்டது அடுத்த கட்டம்.
குட்டைக் காம்பு விசிறியால் வீசிக்கொண்டே
அதைக் காலியாக விட்டேன்.